ஹார்ட் டிஸ்க் ஏன் பழுதாகிறது? ஒரு பட்டியலைப் பற்றிச் சில குறிப்புகள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரைக் கேளுங்கள், கல்லூரியில் ஹார்டுவேர் பாடம் எடுப்பவரைக் கேளுங்கள், ஹார்ட் டிஸ்க் பழுதாவதற்கு ஒரே பட்டியல்தான் கிடைக்கும். சூடு, தூசி, கரண்ட் ஏற்ற இறக்கம், கீழே விழுவது, வயதாவது. சில பேர் கடைசியில் வைரஸையும் சேர்த்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் பல வருஷமாக இதே பட்டியல் வரிசை மட்டும் மாறி வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றாலும் எங்கேயோ ஒரு டிஸ்க் செத்திருக்கிறது. என் புகார் வேறு. எது எவ்வளவு என்ற அளவு இதில் இல்லை. இன்னொன்று, இதைப் படித்து முடிப்பவருக்கு ‘இந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டால் என் டிஸ்க் தப்பிவிடும்’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கல்யாண வீடியோவும் கல்வெட்டுப் படங்களும் அழிந்துபோவது பெரும்பாலும் அந்த எண்ணத்தால்தான் என்பது என் கட்சி. முதலில் பட்டியலையே ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிடலாம்.

தூசியும் சூடும்

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. படிக்கும் ஹெட் தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுற்றும் வேகத்தில் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு தூசித் துகள் போனால் கதை முடிந்தது, உண்மைதான். ஆனால் வெளித் தூசி உள்ளே போவதே கஷ்டம். மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். வெளிக் காற்றழுத்தத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சமன் செய்ய. அதற்குப் பின்னால் வடிகட்டி உண்டு. 2013-ல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் ஹீலியம் நிரப்பிய டிரைவ்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் அந்தத் துளையும் கிடையாது, முழுக்க மூடியவை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தூசி செய்யும் கெடுதல் ஃபேனை அடைத்துச் சூட்டைக் கூட்டுவது. ஆக, பட்டியலில் தூசி தனி ஆள் இல்லை, சூட்டின் எடுபிடி.

அப்போ சூடு? இங்கேதான் சுவாரசியம். 2007 பிப்ரவரியில் ஃபாஸ்ட் என்ற மாநாட்டில் கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் நிறுவனத்தில் ஓடிய லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களைக் கவனித்து எழுதியது. நாம் கடையில் வாங்கும் ரகம்தான், 80 முதல் 400 ஜிபி வரை. அவர்கள் கண்டது: வெப்பநிலை கூடக்கூடப் பழுது கூடவில்லை. சொல்லப்போனால் குளிர்ச்சியாக ஓடிய டிரைவ்களில்தான் பழுது அதிகம். ரொம்ப உயர்ந்த வெப்பநிலையில், அதுவும் 3 வருஷத்தைத் தாண்டிய டிரைவ்களில்தான் நாம் எதிர்பார்க்கும் பாதிப்பு தெரிந்தது. டிரைவை ஓயாமல் வேலை வாங்கினால் சீக்கிரம் தேயும் என்பதற்கும் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. புத்தம் புதிதிலும் நன்றாக வயதான பிறகும் மட்டும் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது.

‘சூடு ஒன்றும் செய்யாது’ என்று இதை அப்படியே ஆவுடையார்கோவிலுக்குக் கொண்டுவரக் கூடாது. அது டேட்டா சென்டர். காற்றோட்டம் கணக்குப் போட்டு அமைத்தது. மே மாதம் நம்மூரில் ஓட்டு வீட்டு அறைக்குள் 38, 40 டிகிரி நிற்கும்போது, காற்றுப் போக வழியில்லாத கேபினெட்டுக்குள் இருக்கும் டிரைவ் 55 டிகிரியை எளிதாகத் தொடும். சாதாரணமாகத் தயாரிப்பாளர்கள் போடும் உச்ச வரம்பு 60. எனவே ஃபேனைத் துடையுங்கள், கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஆனால் ‘ஏசி ரூம்ல வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது சொன்னால், கூகுளின் டிரைவ்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்

பட்டியலில் நம்ம ஊருக்கு மிகவும் பொருந்துவது கரண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஏற்றவே வாடகை ஜெனரேட்டர்தான். செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் உயிர் பிடித்தன. நிலையில்லாத வோல்டேஜ் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தும் இதிலும் சில வித்தியாசங்கள் உண்டு. கரண்ட் திடீரென்று போனால் மட்டும் டிஸ்க் சாவது அபூர்வம். இப்போதைய டிரைவ்களில் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை ஒதுக்கி நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கிறது. போவது என்னவென்றால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல். சில சமயம் ஃபைல் சிஸ்டமே குழம்பி, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். அப்போது டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். சரி என்று அழுத்துகிறவர்தான் மேற்கொண்டு கெடுத்துக்கொள்கிறார்.

திரும்பி வரும் கரண்ட் வேறு விஷயம். மலிவான எஸ்எம்பிஎஸ் வழியாக அதிக வோல்டேஜ் வந்தால் டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு எரியும். பெரும்பாலும் அங்கே இருக்கும் பாதுகாப்பு டயோடு தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகிய சின்ன போர்ட்டபிள் டிரைவுக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு, நடுவில் பேட்டரி நிற்கிறது. தனி அடாப்டர் வைத்த பெரிய டிரைவுக்கு இதைவிடக் கேவலமான எதிரி ஒன்று உண்டு: மேசைக்கு அடியில் கிடக்கும் வேறு அடாப்டர். 12 வோல்ட் டிரைவில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் முனை பொருந்தும், டிரைவ் புகையும். ‘கரண்ட் ஏற்ற இறக்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பட்டியலில் இதைப் பார்த்ததே இல்லை.

எச்சரிக்கை வரும் என்ற நம்பிக்கை

பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு நம்பிக்கை, டிஸ்க் சாவதற்கு முன் அறிகுறி காட்டும் என்பது. கடக் கடக் சத்தம் வரும், மெதுவாகும், ஃபைல் திறக்காது. இதற்காகவே டிரைவுக்குள் ஸ்மார்ட் என்ற தன்னைத்தானே கவனிக்கும் ஏற்பாடு இருக்கிறது. கெட்டுப்போன செக்டார் எத்தனை, மாற்றி ஒதுக்கியது எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்கும்.

கூகுள் கட்டுரையின் ஆகப் பெரிய செய்தி இந்த இடத்தில்தான். ஒரு டிரைவில் முதல் ஸ்கேன் பிழை வந்துவிட்டால், அடுத்த 60 நாளுக்குள் அது சாகும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு அதிகம். ஆக, எச்சரிக்கை வந்தால் நம்பலாம். ஆனால் மறுபக்கம் பாருங்கள். செத்த டிரைவ்களில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான அந்த 4 அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன. வெப்பநிலையைத் தவிர மற்ற எல்லா எண்ணிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் 36 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ரெக்கார்டு. அதாவது பாதிக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் போனவை.

அதே மாநாட்டில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடர், கிப்சன் இருவரும் வேறொரு கட்டுரை கொடுத்தார்கள். ஏறக்குறைய 1,00,000 டிரைவ்களின் மாற்றுக் கணக்கு. டிரைவ் அட்டையில் ‘10 லட்சம் மணி நேரம்’ என்று சராசரி ஆயுள் போட்டிருப்பார்கள். 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 வருஷம்! உண்மையில் அது ஒரு டிரைவின் ஆயுள் இல்லை, வருஷத்துக்கு 0.88 சதவீதம் பழுதாகலாம் என்பதைச் சொல்லும் இன்னொரு வழி. அவர்கள் நேரில் எண்ணியதில் வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றுவது சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரை. விலை உயர்ந்த சர்வர் ரக டிரைவ்கள் மலிவானவற்றைவிட நன்றாக நின்றதாகவும் தெரியவில்லை.

கூகுளின் கணக்கில் முதல் வருஷ டிரைவ்களில் 1.7 சதவீதம், 3 வருஷ டிரைவ்களில் 8.6 சதவீதத்துக்கு மேல். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் டிரைவ்களின் கணக்கைப் பொதுவில் வைக்கிறது. 4 வருஷம் கழித்து ஏறத்தாழ 80 சதவீத டிரைவ்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பது அந்த வருஷத்துக் கணக்கு. அண்மையில் நிலைமை மேல், 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம்தான். ஆக, வயது ஒரு காரணம் என்பது உறுதி. பட்டியலில் அளவோடு நிற்பது அது ஒன்றுதான். அதைத்தான் யாராலும் தவிர்க்க முடியாது.

காரணம் தெரிந்தவர்கள் யார்?

பேக்பிளேஸ் கதையில் ஒரு அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2012-லிருந்து அவர்கள் சீகேட்டின் ஒரு குறிப்பிட்ட 3 டிபி மாடலை ஆயிரக்கணக்கில் பயன்படுத்தினார்கள். அது தாய்லாந்து வெள்ளத்தை ஒட்டிய காலம். 2011 அக்டோபரில் அங்கே தொழிற்பேட்டைகள் மூழ்கியதில் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் தட்டுப்பாடு வந்து, இங்கே நம் கடைகளில்கூட விலை தாறுமாறாக ஏறியது நினைவிருக்கலாம். டிரைவ் கிடைக்காமல், கடைகளில் விற்கும் எக்ஸ்டர்னல் டிரைவ்களை வாங்கி உடைத்து உள்ளே இருப்பதை எடுத்து மாட்டினார்கள். அடுத்த 3 வருஷத்துக்குள் அந்த மாடலில் பெரும் பங்கு பழுதானது. பக்கத்திலேயே, அதே அறையில், அதே கரண்டில், அதே சூட்டில் ஓடிய மற்ற நிறுவன டிரைவ்கள் அப்படி விழவில்லை.

வெள்ளத்துக்குப் பிந்தைய அவசரத் தயாரிப்பா, பெட்டியை உடைத்து எடுத்ததா, அதிர்வா என்று 2015-ல் அவர்களே எழுதி அலசினார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு டிரைவுக்கும் தினசரி ரெக்கார்டு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை. எங்கள் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர், 6 வருஷக் கல்யாண வீடியோ இருந்த டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, “சூடாகித்தாண்ணே போயிருக்கணும், கடையில சொன்னாங்க” என்றார். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு காரணம் வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டார்.

பட்டியல் செய்யும் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். போன பிறகு ஆறுதல், போவதற்கு முன் தைரியம். இரண்டுமே அந்த வீடியோவைத் திருப்பித் தராது. அந்த 6 வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீடியோவில் இருந்த பாட்டி தாத்தாக்களில் பலர் இப்போது இல்லை.

வளையாபதிக்கு என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டரை விட்டுக் கொஞ்சம் விலகி, இதே கேள்வியை ஒரு ஏட்டுச்சுவடியிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஆவுடையார்கோவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் கோவில். அந்த ஆதீனத்தில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டார். பிள்ளையவர்கள் இருந்த காலத்தில் மடத்துப் புத்தகசாலையில் வளையாபதிச் சுவடியைப் பார்த்ததாக உ.வே.சா. பின்னாளில் எழுதியிருக்கிறார். பழைய நூல்களைப் பதிப்பிக்கும் ஆர்வம் வந்த பிறகு தமிழ்நாடு முழுக்கத் தேடினார். கிடைக்கவே இல்லை.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று அப்படிப் போயிற்று. செல் அரித்ததா, யாராவது எடுத்துப்போய்த் திருப்பவில்லையா, பொடிந்து உதிர்ந்ததா? தெரியாது. சுவடி அழிவதற்கும் நம்மிடம் ஒரு பட்டியல் உண்டே: கரையான், ஈரம், நெருப்பு, ஆற்றில் விடுவது. அதில் எது என்று இன்றைக்குத் தெரிந்தால் மட்டும் வளையாபதி வந்துவிடுமா? இன்று நம்மிடம் இருப்பது 70 சொச்சம் பாடல். அவையும் ஏன் இருக்கின்றன? புறத்திரட்டு தொகுத்தவரும் சில உரையாசிரியர்களும் தங்கள் ஏட்டில் எடுத்து எழுதினார்கள். பாதுகாக்க வேண்டும் என்று செய்ததில்லை. ஆனாலும் நூலின் பிரதி, துண்டு துண்டாக, வேறு வேறு இடத்தில் இருந்துவிட்டது. எடுத்து எழுதப்பட்டது மட்டும் பிழைத்தது.

சீவகசிந்தாமணியின் கதை நேர் எதிர். 1887-ல் உ.வே.சா. அதைப் பதிப்பிக்கும்போது பல ஊர்ச் சுவடிகளை வைத்து ஒப்பிட முடிந்தது. ஒன்றில் சிதைந்த வரி இன்னொன்றில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் சுவடியைத் தனியாகப் பிரமாதமாகப் பாதுகாத்தார்கள் என்று சொல்ல முடியாது. பல பேர் படியெடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓலைக்கு ஆயுள் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பழசு நலிவதற்கு முன் புது ஓலையில் படியெடுப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. திருவாசகம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வந்து சேர்ந்தது அப்படித்தான். திருப்பெருந்துறை என்ற இதே ஊரில் மாணிக்கவாசகருக்கு உபதேசம் கிடைத்தது. தில்லையில் அவர் சொல்லச் சொல்ல இறைவனே ஓலையில் எழுதிக்கொண்டார் என்பது மரபு. 1891-ல் வந்த மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் சுந்தரம் பிள்ளை இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்: எல்லாம் ஒடுங்கும் ஊழிக் காலத்தின் தனிமையைப் போக்கிக்கொள்ளத்தான் அம்பலத்து இறைவன் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துவைத்தாராம். உலகமே அழியும்போதும் கைவசம் இருக்க வேண்டும் என்று எடுத்த பிரதி! பேக்கப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கொடுங்கையும் ஓலையும்

ஆவுடையார்கோவிலுக்கு வந்தவர்கள் கொடுங்கையைப் பார்க்காமல் போயிருக்க மாட்டார்கள். மரச்சட்டம், குமிழ் ஆணி எல்லாவற்றையும் கல்லிலேயே செய்து, கூரை விளிம்பை அத்தனை மெல்லிசாக இழைத்திருப்பார்கள். ஒப்பந்தம் போடும் சிற்பிகள் ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதித்தான் வேலை எடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. இது மாதிரி இன்னொன்று செய்யத் தங்களால் ஆகாது என்று அர்த்தம். இது உண்மையிலேயே கல்தானா என்று ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாகவும் ஒரு கதை, ஓட்டையைக் காட்டிச் சொல்வார்கள். கதை எப்படியோ, கல்லில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். கொடுங்கைக்குப் பிரதி கிடையாது. ஒற்றைப் பொருளைக் காப்பாற்றுவதென்றால் அதைத் தாக்கக்கூடிய காரணங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் தடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை நாம் கொடுங்கை மாதிரி நடத்துகிறோம். பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவில் வைக்கிறோம். குழந்தை தொட்டால் அதட்டுகிறோம். உண்மையில் அது ஓலை ஜாதி. ஆயுள் குறைவு, படியெடுப்பது சுலபம். படியெடுத்தால் ஒரு எழுத்துகூடப் பிசகாது. சுவடி எழுதியவர்களுக்குக் கிடைக்காத வரம். அந்த வரத்தை விட்டுவிட்டு, கல்லுக்குரிய பாதுகாப்பை ஓலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது ஸ்டுடியோ வீடியோவோடு நிற்கவில்லை. நம் மாவட்டங்களில் கல்வெட்டு, கோவில் ஓவியம், பழைய பத்திரம், செட்டிநாட்டுக் கணக்கு நோட்டு என்று சொந்தக் காசில் அலைந்து படமெடுத்து வைத்திருப்பவர்கள் நிறைய. ‘எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணிட்டேன்’ என்று சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவைக் காட்டுவார்கள். எடுத்த பிறகு அந்தச் சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருக்கலாம், அந்தக் கல் படிக்கட்டாகியிருக்கலாம். அப்போது அந்தப் படம்தான் மூலம். அது ஒரே டிரைவில் இருந்தால் வளையாபதி இருந்த அதே நிலையில் இருக்கிறது. அவர் மறைந்த பிறகு அந்த டிரைவ் நல்ல நிலையில் இருந்தாலும், உள்ளே என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டும் தெரியாது. எந்தப் பட்டியலிலும் இல்லாத காரணம் இது. ஒரு டிரைவ் பழுதாகாமலேயே தொலைந்துபோவது.

சரியாகச் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் நூல் தொகுப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது, நூல்களைத் தமிழ்நாட்டிலேயே வைத்து 1994-ல் சென்னையில் நூலகம் அமைத்து, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். அதைப் படிக்க லென்சும் வெளிச்சமும் போதும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டது. பல நாட்டுக் கம்ப்யூட்டர்களில் இன்று அவற்றின் பிரதி கிடக்கிறது. யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் 1981-ல் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம் 2005-ல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கியது. ‘நெருப்பிலிருந்து நூலகத்தைக் காப்பது எப்படி’ என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கமான பதில்கள்

இதைச் சொன்னால் வரும் பதில்கள் தெரியும். “எஸ்எஸ்டி வாங்கிட்டேன், அதுல சுத்துறதே இல்லையே.” சுற்றாது, சரி. விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது மின்னூட்டத்தில் எழுதிவைப்பது. கரண்ட் தராமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைத்தால் அந்த மின்னூட்டம் கசியலாம். கண்ட்ரோலர் போனால் மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். “ரெய்டு போட்டிருக்கேன்.” ரெய்டு ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வைக்கும் ஏற்பாடு. நீங்கள் தெரியாமல் அழித்த ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போகவும் செய்யும். “கிளவுடில் இருக்கு.” நல்லது, இரண்டாவது பிரதியாக. அதுவே ஒரே பிரதி என்றால், பணம் கட்ட மறந்த அல்லது கணக்கு முடங்கிய ஒரு நாள் போதும்.

செலவு என்ற பதிலை மட்டும் நான் மதிக்கிறேன். ஒரு டிபி போர்ட்டபிள் டிரைவுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். சின்ன ஸ்டுடியோவுக்கு அது லேசான தொகை இல்லை. ஆனால் தூசியில்லாத அறையில் வைத்துத் திறந்து மீட்கும் வேலைக்குச் சென்னையில் கேட்கும் தொகை அதைப்போல் பல மடங்கு, அதுவும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல்.

டிஸ்க் போய்விட்டது என்று தோன்றும் நேரத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. கடக் கடக் சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், ஹெட் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். தட்டிப் பார்க்காதீர்கள். நலிந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள், அது படிப்பதோடு நிற்காமல் எழுதவும் செய்யும். டிஸ்க் இன்னும் தெரிகிறது என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருளால் முதலில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, மீட்பு வேலையைப் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பிரதிதான் முதலில்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியைப் பலர் கேட்டிருப்பீர்கள்: 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 வெளியூரில். விதி நல்லது. ஆனால் அதையும் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஓலை எழுதியவர்கள் தலைமுறைக்கு ஒரு முறையாவது எடுத்து எழுதினார்கள். டிஸ்க்கின் தலைமுறை 4, 5 வருஷம்.

ஆகவே, ‘ஹார்ட் டிஸ்க் ஏன் பழுதாகிறது’ என்று யாராவது கேட்டால், நான் பட்டியலைச் சொல்வதற்கு முன் திருப்பிச் சில கேள்விகள் கேட்கிறேன். இது இன்னொரு இடத்தில் இருக்கிறதா? அந்த இடம் இதே வீடா, வேறு ஊரா? கடைசியாக எப்போது திறந்து, படம் தெரிகிறதா என்று பார்த்தீர்கள்? நீங்கள் இல்லாத நேரத்தில் இதைத் திறக்கத் தெரிந்த இன்னொருவர் யார்? நாலுக்கும் பதில் இருந்தால், எந்தக் காரணத்தால் டிஸ்க் போனாலும் கவலையில்லை, போகட்டும். பதில் இல்லாதவர்கள் இந்த வாரமே ஒரு டிரைவ் வாங்கிப் படியெடுத்து, அறந்தாங்கியில் இருக்கும் தங்கச்சி வீட்டிலோ மதுரையில் இருக்கும் மச்சான் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மேலே ஒரு தாளில் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது என்று தமிழில் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.